படிக்காமல் வைத்த அத்தியாயங்கள்

மலைமேல் இருக்கிற வாழவந்தி நாட்டில் மிளகு காயவைக்கிற களத்தில் நாவலும் கையுமாக உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள் சுகுணாதான். வயது நாற்பத்திரண்டு. "கோழி வெரட்டறதுக்குப் பொஸ்தகம் வெச்சிருக்கறா" என்று புருஷன் சின்னராசு கேலி பேசுவான். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்தக் காலத்து நாவல்களைப் பற்றி அவளுக்குக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. யாருக்காவது மனசு உடைந்தால் உடனே மழை பெய்துவிடுகிறது. காய்கிற மிளகை யார் அள்ளுவது என்று எழுதியவருக்குக் கவலையே இல்லை. முந்நூறு பக்கம் ஜன்னலோரம் நின்று அழுகிறவளுக்கு ஒரு வேளைகூடப் பசிப்பதில்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் பிரிந்துபோகிறவர்களை மட்டும் சரியாக எழுதிவிடுகிறார்கள். அந்த இடம் வந்தால் சுகுணா புத்தகத்தை மூடிவிட்டு மிளகைக் கிளறப் போய்விடுவாள்.

இதையெல்லாம் கேட்க ஓர் ஆள் இருந்தார். அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரர், மேனகா டீச்சர். ஆறு வருஷம் மலைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஒரே நாவலை இருவரும் மாற்றி மாற்றிப் படிப்பார்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும் யாரும் தனியாகத் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் களத்தில் உட்கார்ந்து அதை வாசிப்பார். சுகுணா மிளகைக் கிளறியபடியே நடுநடுவே புகுந்து சண்டை பிடிப்பாள்.

டீச்சருக்கு மாற்றலாகி இரண்டு வருஷமாயிற்று. "பரீட்சை லீவுக்கு வாரேன் கண்ணு" என்று பஸ் ஏறியவர் திரும்ப மலையேறவில்லை. சுகுணா சொன்ன சொல் மாறவில்லை. பதினொரு புத்தகங்களைக் கடைசி அத்தியாயம் படிக்காமலே நூலகத்தில் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஆசை இல்லாமலா? கடைசி அத்தியாயம் வரை புரட்டிவிட்டு மூடிவிடுவாள். படித்து முடித்துவிட்டால் டீச்சர் வருவதற்கு வேலையில்லாமல் போய்விடுமே என்று பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சரே போனில் அழைத்தார்.

"சுகுணா, நீ கடுதாசில சொன்ன அந்த நாவலை வாங்கி ஒரே மூச்சுல முடிச்சிட்டேன். முடிவு அருமை! நீ முடிச்சிட்டயா? சொல்லு, பேசலாம்."

ஒப்பந்தத்தை டீச்சர் மறந்தே போயிருந்தார். பேசத்தானே சுகுணா இத்தனை நாளாக ஏங்கிக் கிடந்தாள்? புத்தகம் மடியிலேயே இருந்தது. மீதி பதினெட்டுப் பக்கம், அரை மணி நேர வேலை.

"இன்னும் முடிக்கலீங்க டீச்சர்" என்றாள். "நீங்க வந்து வாசிங்க. முடிவு தெரியாத மாதிரியே வாசிங்க."