அய்யனார் கேட்ட பச்சைப் படகு

என் வாழ்க்கையில் ஒரே ஒரு அற்புதத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. வெளியே சொன்னால் பலிக்காமல் போய்விடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. நடந்து முடிந்துவிட்ட அற்புதம் இனிமேல் எப்படிப் பலிக்காமல் போகும் என்று யோசிக்கும் அளவுக்கு அந்த வயதில் எனக்குப் புத்தி இல்லை.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. திருமங்கலத்துக்கு மேற்கே, அம்மா பிறந்த ஊரின் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. நாங்கள் இருந்தது மதுரையில், கோச்சடையில். வீட்டிலிருந்து வைகை நடந்துபோகிற தூரம்தான். ஆனால் நான் பார்த்த வைகையில் தண்ணீர் ஓடியதைவிட மாடு மேய்ந்ததுதான் அதிகம். அதனால் அந்தக் கண்மாயைக் கண்டதும் அசந்துபோய் நின்றுவிட்டேன். கரையிலிருந்து பார்த்தால் எதிர்க்கரை தெரியவில்லை. பனைமரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன.

அம்மா கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் அவள் எங்கே போனாலும் முதலில் உட்கார இடம் தேடுவாள். கேட்டால் கால் வலி என்பாள். நடக்கும்போது ஒரு கால் செருப்பு அடிக்கடி கழன்று பின்னால் கிடக்கும். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் கொடுத்து, பெரிய வேடிக்கை போலச் சிரிப்பேன்.

"பொறந்ததுல இருந்து கரையில நின்னுதான் பாத்திருக்கேன்" என்றாள் அம்மா. "ஒரு நாளாவது நடுவுல போய் நின்னு இந்த ஊரப் பாக்கணும்."

பெண் பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடாத ஊர் அது. அவள் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் அப்பா, படகு வாங்கப் போகிறோம் என்றார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. நீச்சல் தெரியாது. எதை வாங்கினாலும் அளந்து பார்த்து வாங்குகிறவர். அப்படி அளந்து வாங்கிய பீரோவே எங்கள் வீட்டு வாசலுக்குள் நுழையாமல் இரண்டு நாள் தெருவில் நின்றது. அதை நினைவுபடுத்தினால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் படகு வாங்குகிறேன் என்றதும் மாமாவே நம்பவில்லை. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கண்மாய் அவருடைய தோப்பை ஒட்டி இருந்தது. படகைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான் என்பதால், அவருக்கும் பிடித்ததாகத்தான் வாங்கவேண்டும் என்று பேச்சு.

கப்பலூரில் பைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிற ஒரு பட்டறை இருந்தது. ஏதோ ஒரு விடுதிக்காக அவர்கள் இரண்டு மிதவைப் படகுகள் செய்து, விடுதிக்காரர்கள் கடைசியில் வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவின் காரில் போனோம்.

கொட்டகைக்குள் அவை பக்கத்துப் பக்கத்தில் நின்றன. படகு என்றால் நடுவில் குழிந்து, முனையில் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. இரண்டு முனையும் அடைத்த, ஆள் உயரத்தைவிட மூன்று மடங்கு நீளமான இரண்டு குழாய்கள். அவற்றின் மேல் சமதளமாக ஒரு தரை. சுற்றிலும் கம்பித் தடுப்பு, மேலே துணிக்கூரை, உள்ளே நாற்காலிகள். ஒரு மொட்டைமாடியைப் பெயர்த்துக் குழாய்களின் மேல் வைத்ததுபோல் இருந்தது. இது மிதக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஒன்று நீலம், ஒன்று பச்சை. "ரெண்டும் ஒரே அச்சுதான் அண்ணே" என்றார் பட்டறைக்காரர். "நீலத்துல சீட்டு கூட. ஸ்டியரிங் இருக்கு. வாசல் கொஞ்சம் சின்னது, ஒரு படி ஏறணும். பச்சையில வாசல் அகலம், அம்புட்டுதான்."

ஸ்டியரிங் என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் நீலப் படகில் ஏறிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது கப்பலூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. பச்சைப் படகில் ஸ்டியரிங்குக்குப் பதில் மோட்டாரோடு சேர்ந்த ஒரு கைப்பிடிதான். மாமாவும் என் கட்சி. "ரெண்டும் ஒரே விலைன்னா நீலத்த விட்டுட்டு எவனாவது பச்சைய எடுப்பானா மாப்ள?"

அப்பா நீலப் படகின் வாசலுக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். அதில் ஒரு முடிச்சு இருந்தது. கயிற்றின் நுனியை நீலப் படகின் வாசலில் ஒரு பக்கம் வைத்து மறு பக்கம் வரை இழுத்தார். முடிச்சு வாசலைத் தாண்டி நாலு விரல் வெளியே நின்றது. பிறகு பச்சைப் படகுக்குப் போனார். அங்கே முடிச்சு வாசலுக்குள்ளேயே அடங்கியது. மூன்று முறை அளந்தார். பீரோவில் பட்ட அடி அப்படி என்று மாமா சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மா மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சையவே எடுத்துருவோம் மச்சான்" என்றார் அப்பா.

"ஏன்?"

ஒன்றுமே இல்லாத விஷயத்துக்கு இரண்டு பேரும் முகம் சிவக்கும் அளவுக்கு வாதாடினார்கள். கடைசியில் மாமாதான் வழி சொன்னார். "பூக்கட்டிப் பாத்துருவோம். அய்யனார் எதச் சொல்றாரோ அது."

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதா, கிணறு தோண்டுவதா என்று எதில் மனம் ஒப்பாவிட்டாலும் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, கேலி செய்கிறவர். அன்று மறுபேச்சில்லாமல் சரி என்றார்.

கண்மாய்க் கரையில்தான் அய்யனார் கோயில். நீலத்துக்குச் சிவப்பு, பச்சைக்கு வெள்ளை என்று முடிவானது. நாங்கள் கொண்டுபோன மாலையிலிருந்து பூசாரி ஒரு சிவப்பு ரோஜாவைப் பிய்த்துக் கொடுத்தார். வெள்ளைக்குக் கோயில் ஓரத்திலிருந்த நந்தியாவட்டைச் செடியைக் காட்டினார்.

"நானே கட்டுறேன்" என்று அப்பா செடியிடம் போனார். காற்று அடித்ததால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செய்தித்தாளில் நிதானமாகப் பொட்டலம் கட்டினார். இரண்டையும் கொண்டுவந்து அய்யனார் காலடியில் போட்டார். கேலி செய்கிறவர் கைகூப்பி நின்றார். சாமி பயம் வந்துவிட்டது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

நான் கண்ணை மூடி, சிவப்பு வரவேண்டும், சிவப்பு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். வெள்ளை.

மாமா பெருமூச்சு விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அழுதேன். மற்றதைப் பிரிக்க மாமா குனிந்தபோது அப்பா முந்திக்கொண்டு அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். "சாமி சொன்னதுக்கு அப்புறம் இன்னொன்ன எதுக்குப் பிரிக்கணும்?"

திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது அப்பா கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ரோஜாவை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "ஏதுங்க?" என்றாள் அம்மா. "சாமி பூ" என்றார். அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டாள். நான் நீலப் படகை நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அற்புதம் அன்று மாலை நடந்தது. என் கைக்குக் கிடைத்திருக்கவேண்டிய சிவப்பையாவது பார்த்துவிடலாம் என்று, ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைக்குள் கையை விட்டேன். பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அய்யனாருக்குப் பச்சைப் படகின் மேல் எவ்வளவு பிரியம் இருந்தால் பொட்டலத்துக்குள்ளேயே சிவப்பை வெள்ளையாக மாற்றியிருப்பார்! பொட்டலத்தைப் பழையபடி மடித்து வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையையே விழுந்து கும்பிட்டேன்.

பச்சைப் படகை இறக்கிய அன்று, புது வண்டிக்குச் சக்கரத்தடியில் வைக்கிற எலுமிச்சம்பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாமா படகுக்கு முன்னால் தண்ணீரில் போட்டார். நசுங்குவதாவது! அவை துள்ளி விலகி, படகோடு கூடவே மிதந்து வந்தன. கண்மாயின் நடுவில் மோட்டாரை நிறுத்தினார்கள். நாலு பக்கமும் தண்ணீர், கீழே வானம், தூரத்தில் சின்னதாக ஊர். சாமி கேட்ட படகில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். அம்மா தண்ணீருக்குள் கையை விட்டபடி ஊரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வருடம் கழித்து மறுபடியும் கண்மாய் நிரம்பியது. அதற்குள் அம்மாவின் கால்கள் முழுவதுமாக வலுவிழந்திருந்தன. நான் சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்த செருப்புக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. இப்படி ஆகும் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டாராம். தானே சொல்லும்வரை அண்ணனுக்கும் பிள்ளைக்கும் தெரியக்கூடாது என்று அம்மா அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அன்று அப்பா அவளுடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கரையிலிருந்து போட்ட பலகையின் மேல் வந்தார். பச்சைப் படகின் வாசலில் படி இல்லை. நாற்காலி இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு, எங்கும் இடிக்காமல் உள்ளே போனது.

மாமா வாசலையே பார்த்தார். "மாப்ள, அன்னைக்கே..." என்று தொடங்கினார்.

"கயித்த அவுத்துவிடுங்க மச்சான், வெயில் ஏறுது" என்றார் அப்பா.

எங்கள் வீட்டுக்கு அப்போது இன்னும் வந்துசேராத ஒரு நாற்காலியின் அகலத்தை, எங்கோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் அளந்து, முடிச்சுப் போட்டு, அந்த மனிதர் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அதை நினைத்தபோது ஒன்பது வயதில் சிலிர்த்ததைவிட அதிகமாகச் சிலிர்த்தது. நான் பார்த்தது அற்புதம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆள் யார் என்பதில்தான் தவறிவிட்டேன். பஸ்ஸில் என் பக்கத்திலேயே, அம்மாவின் தலையில், பொட்டலத்துக்குள் இருந்திருக்கவேண்டிய சிவப்புப் பூ இருந்தது. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.