சின்னக்கானலிலிருந்து மடியில் வந்த கம்ப்யூட்டர்

என் மனைவிக்குக் கரண்ட் ஆபீசில் வேலை. வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதற்குக்கூட மெயினை அணைத்து, அதன்மேல் ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று சீட்டு ஒட்டுகிறவள். அவளிடம்தான், முப்பது வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கப்போகிறேன் என்று சொன்னேன்.

“ஏனுங்க, ஊட்டுல இருக்கறது பத்தாதுங்களா?”

“இது வேற அம்மிணி. எழுத்தெல்லாம் பச்சையா வரும்.”

“பச்சையா என்ன வரும்?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. கல்லூரியில் படித்தபோது அப்படியொரு கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் எங்களை விடமாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. கணக்கு வாத்தியாராகி இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் குறை தீரவில்லை.

விற்கிறவர் சின்னக்கானலில் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். ஆபீசில் கழித்துக்கட்டியதைத் தூக்கிவந்து போர்வை போர்த்தி வைத்திருந்தார். போர்வையை விலக்கியதும் சந்தன வாசனை வந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்திருக்கிறார். பிளாப்பி நுழைக்கும் சந்துக்குள் மூன்று ஊதுபத்திக் குச்சிகள் செருகியிருந்தன.

“கரண்டு குடுத்து எவ்வளவு நாளாச்சுங்கய்யா?”

“ஆச்சு தம்பி, பத்து வருசம். இப்பப் போட்டுக் காட்டுறேன் பாருங்க,” என்று பிளக்கை எடுத்துக்கொண்டு போனார்.

பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். ஒரு மாதமாகப் போனில் வீடியோ பார்த்துப் படித்திருந்தேன். நெடுநாள் சும்மா கிடந்த கம்ப்யூட்டருக்கு எடுத்த எடுப்பில் கரண்ட் கொடுக்கக்கூடாது. திறந்து பார்க்க வேண்டும், துடைக்க வேண்டும்.

“என்னத்துக்கு இப்படிப் பயப்படுறீக? நாட்டு வெடியா இது?” என்றார் அவர். ஆனாலும் மூட்டை கட்டிக் கொடுத்தார்.

மானிட்டரின் பின்கழுத்து மெல்லிய கண்ணாடி என்பதால் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பெட்டியைக் காலடியில் போட்டு, மானிட்டரைத் திரை என் வயிற்றைப் பார்க்கும்படி கட்டிப்பிடித்துக்கொண்டு, பாலக்காட்டுப் பக்கமுள்ள எங்கள் ஊருக்கு மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்தேன். மாநில எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டில் சோதனைக்காரர் பஸ்ஸில் ஏறினார்.

“எந்தா இது?”

“பழைய கம்ப்யூட்டர் சார்.”

துணியை விலக்கிப் பின்பக்கம் கையை வைக்கப்போனார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“அங்க தொடாதீங்க சார்! பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரண்ட் நிக்கும். கண்ணாடிக்குள்ள காத்தே கிடையாது. ஒடைஞ்சா வெடிச்சாப்பல செதறும்.”

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் பஸ்ஸில் இருந்தவர்கள் காதில் ‘வெடி’ மட்டும்தான் விழுந்தது. ஒரே நிமிஷத்தில் டிரைவர் உட்பட எல்லோரும் கீழே நின்றார்கள். தக்காளிக் கூடை வைத்திருந்த ஒரு அம்மா மட்டும் நகரவில்லை.

“அதை எறக்குங்க. நான் எதுக்கு எறங்கோணும்?” என்றார்.

அது நியாயமாகவே பட்டது எல்லோருக்கும். கம்ப்யூட்டரோடு என்னை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. புளியமரத்தடியில் நானும் அதுவும், பத்தடி தள்ளிச் சோதனைக்காரருமாக நின்றோம். வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் செய்தேன்.

ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஆபீஸ் ரப்பர் உறை. மூட்டையைப் பிரித்து, சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சோதனைக்காரரிடம் சொன்னாள்: “இதுல ஒண்ணுமில்லீங்க சார். கோளாறு மெசின்ல இல்லீங்க.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். உடனே அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் மேல்மூடியைக் கழற்றினோம். மெயின் அணைந்திருந்தது. காலில் ரப்பர் செருப்பு, மோதிரத்தையும் கழற்றியாயிற்று. கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க ஒரு கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்றேன். “வேட்டியில ஏதுங்க பாக்கெட்டு?” என்று கேட்டு, என் இடது கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டிவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் சர்க்கரை கேட்டு வந்தவர், என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு வெறும் கிண்ணத்தோடு திரும்பிப் போனார்.

மானிட்டரைத் திறக்க அவள் விடவில்லை. பெட்டிக்குள் குங்குமம் கால்படி இருந்தது. கசிந்து பச்சை பூத்திருந்த பேட்டரியை வெட்டியெடுத்து, அந்த இடத்தை வினிகர் தொட்ட பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் காயவைத்தோம். அடுத்த ஞாயிறு சீரிஸ் பல்பு போட்டுச் சோதித்தாள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. மங்காமல் எரிந்தால்தான் உள்ளே ஷார்ட்; இது நல்ல சகுனம். பிறகு நேராகக் கரண்ட் கொடுத்தாள்.

பீப் என்றது. பச்சை எழுத்து வந்தது! பேட்டரி இல்லாததால் தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டியது.

“அப்ப நான் இன்னும் பொறக்கவே இல்லீங்க,” என்றாள் மனைவி. “மத்தியானம் சோறு நீங்களே ஆக்கிக்குங்க.”

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே ‘டப்’ என்று சத்தம். புகை கிளம்பியது. அழுகிய மீன் நாற்றம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மெயினை அணைத்துவிட்டாள். ஒரு கண்டென்சர் வெடித்திருந்தது. இனி இந்த வீட்டில் கம்ப்யூட்டர் என்ற பேச்சே எடுக்க முடியாது என்று நினைத்தேன்.

அவளோ கருகிய கண்டென்சரைச் சாமி பிரசாதம்போல உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண் மலரப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பாலக்காட்டிலிருந்து புதிது வாங்கிவந்து, அவளே பற்றவைத்தாள். அதன்பின் பச்சை எழுத்து நின்று எரிந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வியாபாரி ஒருவர் கம்ப்யூட்டர் விற்கிறாராம். இதைவிடப் பழையது.

“பஸ்ஸெல்லாம் ஆகாதுங்க,” என்றாள். “ஜீப்புக்குச் சொல்லிட்டேன். நீங்க வாயைத் தொறக்காம வர்றதுன்னா வாங்க.”