ராகு காலத்தில் உறைந்த காபி

எங்கள் அத்தையைப் பெண் பார்க்க ஐந்தாவது முறையாக ஆட்கள் வந்த அன்று, நேரத்துக்குக் காபி கொடுக்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. வீடு குளத்தூரில். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. கீரனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். எனக்குப் பேன் பார்ப்பதும், வீட்டுப்பாடம் சொல்லித் தருவதும், அம்மாவின் கரண்டிக்குக் குறுக்கே வந்து நிற்பதும் அவள்தான். அவள் கல்யாணமாகிப் போய்விடக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் அவள் கல்யாணம் என்னால் நின்றுபோகக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தேன்.

முதல் நான்கு பேர் வந்துபோனதும் ஒரே மாதிரிதான். கேசரி, பஜ்ஜி வைப்பார்கள். அத்தை தட்டில் காபியைக் கொண்டுபோய் நீட்டி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவாள். எல்லாம் பத்து நிமிடம். மூன்று பேர் தகவல் சொல்கிறோம் என்று போய்ச் சொல்லவே இல்லை. நாலாமவர் சம்மதம் என்றார். ஆனால் காபித் தம்ளரை எடுத்துக் கொடுக்கத் தாமதமானதற்காக அவர் தன் அம்மாவையே சபையில் வைத்து அதட்டியதை அத்தை கதவு இடுக்கில் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்றாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதுதான் கடைசி. அடுத்து வர்றவுக சரின்னா நானும் சரின்னுருவேன். ஒன்னயக் கேக்க மாட்டேன்."

அத்தை அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் மட்டும், "பத்து நிமிசத்துல ஒரு கத்திரிக்காயக்கூட ஒழுங்காப் பாத்து வாங்க முடியாது அண்ணி" என்றாள்.

ஐந்தாவது மாப்பிள்ளை திருவரங்குளம் பக்கம். மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அத்தைக்கு லீவு நாள் என்று ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம்தான் அத்தைக்குக் காபி ஜெல்லிப் பைத்தியம் பிடித்தது. போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, புதுக்கோட்டைக்குப் போய் ஜெலட்டின் தூள் பாக்கெட் வாங்கி வந்தாள். தூளைப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, சூடான டிகாக்ஷனில் சர்க்கரையோடு கரைத்து, தட்டில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். மூன்று மணி நேரம் கழித்துத் தட்டை ஆட்டினால் காபி குலுங்கியது, சிந்தவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. துண்டு போட்டு, மேலே மில்க்மெய்டு ஊற்றித் தந்தாள். நாலு துண்டு தின்றுவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன்.

"வர்றவுகளுக்கு இந்தத் தடவை இதத்தான் குடுக்கப் போறேன்" என்றாள்.

"அதுக்கு எதுக்கு இந்தத் தூளு? கடல்பாசியப் போட்டா வெளிய வச்சாலே அரை மணி நேரத்துல ஒறஞ்சுருமே" என்றாள் அம்மா.

"அது நறுக்குநறுக்குன்னு இருக்கும் அண்ணி. இதுதான் வாயில வச்சதும் கரையும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பன்னெண்டு மணிக்கு ஜெல்லி போடணும். எனக்கு நீதான் ஞாபகப்படுத்தணும், சரியா?" என்றாள். இவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. பதினொன்றே முக்காலுக்கு அவளே வந்து, "பாவம், எம்புட்டு நேரந்தான் கடியாரத்தையே பாத்துக்கிட்டு இருப்ப" என்று டிவியில் கார்ட்டூன் போட்டுவிட்டுப் போனாள். நான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தபோது மணி மூன்று.

அலறிக்கொண்டு ஓடினேன். அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆனால் என்னைத் திட்டவில்லை. இருந்த காபித்தூள் மொத்தத்தையும் டிகாக்ஷனாக இறக்கி, கரைத்து, தட்டில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைக்கவும், வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

கேசரி ஆயிற்று, பஜ்ஜி ஆயிற்று. காபி வரவில்லை. அம்மா சாதாரணக் காபியாவது போடலாம் என்று டப்பாவைத் திறந்தால் காலி. வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சபையில் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காபியக் கட்டியாக்குறாளா? நான் கேள்விப்பட்டதே இல்லையே! இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போறது."

அதற்குள் அப்பாவின் கண் சுவரிலிருந்த நாள்காட்டிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். அது பிறந்துவிட்டால் பெண் கையால் எதுவும் வாங்க முடியாது. நல்ல காரியம் பேச வந்தவர்கள் பாதியில் எழுந்து போகவும் முடியாது. நாலரை அடித்தது. எல்லாரும் அவரவர் நாற்காலியில் மாட்டிக்கொண்டார்கள்.

நான் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தேன். காபி தண்ணீராகவே ஆடியது. எனக்கு அழுகை முட்டியது. என்னால்தானே இவ்வளவும். பிள்ளையாரே, சீக்கிரம் உறைய வைத்துவிடு, உனக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

நான் மூக்கை உறிஞ்சியது கூடம் வரைக்கும் கேட்டிருக்கும். "ஏப்பா, ஊரு ஃப்ரிட்ஜெல்லாம் பாக்குறியே, இங்கிட்டு என்னான்னு போய்ப் பாரு" என்று மாப்பிள்ளையின் அம்மா மகனை அனுப்பிவிட்டார். அடுப்படியில் அத்தையும் நானும்தான். வாசற்படியில் காவலுக்கு நின்ற என் அம்மாவையும் அந்த அம்மா கேசரிக்குப் பக்குவம் கேட்கக் கூப்பிட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை வந்ததும் வராததுமாகப் பிளக்கைப் பிடுங்கினார். இனி காபி எப்படி உறையும் என்று நான் பதறினேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றினார், ஊதினார், துடைத்தார், திரும்ப மாட்டினார், மறுபடி கழற்றினார். ஒரு ஃப்ரிட்ஜுக்கு இவ்வளவு நேரம் எடுப்பவர் கடை நடத்தி எப்படிப் பிழைப்பாரோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

"ரொம்பக் காக்க வச்சுட்டேன்ல. கோவம் வருதுங்களா?" என்றாள் அத்தை.

அவர் ஸ்க்ரூவைத் திருகியபடியே யோசித்தார். "பசிதாங்க வருது."

அத்தை சிரித்துவிட்டு ஒரு கிண்ணத்தில் முறுக்கு வைத்துக் கொடுத்தாள். பாதியை அவர் என்னிடம் நீட்டினார். பிறகு அவள் லேப் வேலையை விட மாட்டேன் என்றாள். அவர், "விட்றாதீங்க. மழை பெஞ்சா எனக்கு வேலை இருக்காது" என்றார். இப்படியே என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆறரைக்கு ஒருவழியாக உறைந்தது. அத்தை துண்டு போட்டுக் கிண்ணங்களில் கொண்டுபோனாள். மாப்பிள்ளையின் அப்பா மெல்லாமலே விழுங்கிவிட்டுத் திருதிருவென்று விழித்தார். மாப்பிள்ளையின் அம்மா, "அடி ஆத்தி, வழுக்கிக்கிட்டு ஓடுதே!" என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கூடமே சிரித்தது. எங்களுக்குச் சம்மதம் என்று அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சொன்னார்கள். கேட்க மாட்டேன் என்ற அப்பா, என்ன தோன்றியதோ, அத்தையின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். ஜெல்லி உறைந்ததால்தான் கல்யாணம் என்று நான் பிள்ளையாருக்குத் தேங்காயை உடைத்தேன்.

போன வருடம் திருவரங்குளத்துக்குப் போயிருந்தபோது அத்தை பிள்ளைகளுக்கு ஜெல்லி செய்துகொண்டிருந்தாள். அந்தப் பன்னிரண்டு மணியை நான் மறந்ததற்கு அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கிறுக்கி! டிவியப் போட்டு விட்டதே நான்தானடி. அண்ணி அலமாரில அன்னைக்கு ஒரு கட்டு கடல்பாசி இருந்துச்சு, அதப் போட்டிருந்தா அரை மணி நேரத்துல ஒறஞ்சிருக்கும்ல. ஞாயித்துக்கெழமைன்னு நாளும் நேரமும் நான் பாத்துச் சொன்னதுதான். ஒங்கப்பா ராகு காலத்துல ஆள வெளிய விட மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? காத்திருக்கச் சொன்னா அந்த மனுசன் என்ன பண்றாருன்னு பாக்க வேணாமா?"

கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்காமலே சொன்னார். "ஃப்ரிட்ஜுல மட்டும் என்ன கோளாறு இருந்துச்சு? அது பாட்டுக்கு நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

அத்தையின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இத்தனை வருடத்தில் அவளுக்கே அது தெரியாது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்கு அந்த அடுப்படியில் இருந்த மூன்று பேரில், அது சீக்கிரம் உறைய வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். நல்லவேளை, பிள்ளையார் என் பேச்சைக் கேட்கவில்லை.