ஒன்பது மணி நேரச் சாலை

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. என் வீட்டு வாசலில், பட்டப்பகலில், எனக்கே நடந்தது இது.

பயணச்சீட்டு பதிவு செய்யும் அலுவலகத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தவள் நான். எங்கள் பழைய ஊரிலிருந்து புது ஊருக்கு விமானத்தில் ஐம்பத்தைந்து நிமிடம். காரில் மலையைச் சுற்றிக்கொண்டு ஒன்பது மணி நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கட்டிய கணவரைவிட அந்தக் கணக்கைத்தான் அதிகமாக நம்பியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீடு மாறும் நாள். இரண்டு வயது மகளுக்குக் கார் என்றாலே வாந்தி. அதனால் அவளும் நானும் விமானத்தில். அவர் கண்ணாடிச் சாமான்களோடு காரில். காலை எட்டுக்குக் கிளம்பினார்.

"அஞ்சு மணிக்கு வந்துடுவேன். அதுக்குள்ள வீட்டைத் தலைகீழா மாத்தி வெச்சிடாத, தாயே."

"நீங்க தூக்கறதுக்குன்னு நாலு பெட்டி மிச்சம் வெக்கிறேன். பத்திரமா வாங்க."

மதியம் 1.25. புது வீட்டு அழைப்பு மணி அடித்தது.

"நான்தான். கதவைத் திற."

அவர் குரல். மகள் "அப்பா!" என்று ஓடினாள். நானும் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். அப்போது கைப்பேசி அடித்தது. திரையில் அவர் பெயர்.

"மலைப்பாதையில வந்துட்டிருக்கேன். அஞ்சு மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் யாருக்கும் கதவைத் திறக்காத."

அதுவும் அவர் குரல்தான். ஆனால் கார் ஓடும் சத்தம் இல்லை. காற்றுச் சத்தம்கூட இல்லை...

டப்... டப்... டப்...

"பாலம் உடைஞ்சிடுச்சும்மா. திரும்பிப் போய் ஃப்ளைட்ல வந்தேன். திறயேன்!"

"கார் எங்க?"

"அந்த ஊர் ஏர்போர்ட்லயே விட்டுட்டேன். போனும் அதுலயே கிடக்கு. விளையாடாத... படியில யாரோ ஏறி வர்றாங்க... திற!"

எட்டும் ஒன்பதும் பதினேழு. மாலை ஐந்து. எந்தக் குரல் என் கணக்கோடு ஒத்துப்போனதோ, அதை நம்பினேன். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன். மகளின் வாயைப் பொத்தினேன்.

1.31. தட்டல் நின்றது.

படியில் இறங்கும் காலடி கேட்கவே இல்லை...

சரியாக ஐந்து மணிக்கு அவர் வந்தார். வெறுங்கையோடு.

"சாமான் கார்லயே இருக்கட்டும். காலையில எடுத்துக்கலாம்."

மகள் என் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் விரும்பினேன்.

மறுநாள் காலை 7.05. கைப்பேசி அடித்தது.

திரையில் அவர் பெயர்.

அவரோ என் பக்கத்தில், மகள்மேல் கை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஏர்போர்ட் பார்க்கிங் வாட்ச்மேன் பேசறேன். உங்க வீட்டுக்காரர் கார் நேத்துலேர்ந்து பூட்டாம நிக்குது. இந்த போன் சீட்லயே கிடந்துச்சு. பாலம் உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டு, பதினொண்ணே முக்கா ஃப்ளைட்டுக்கு ஓடினாரு. நல்லபடியா வந்து சேர்ந்தாரா?"



பக்கத்தில் தூங்கும் மூச்சு நின்றது.

"யாரும்மா போன்ல?"