ஆடி மாதத்துக் கொலைகாரன்

நான் ஒரு மடையன். பிறர் சொல்லிக் கேட்டுப் பழகியதுதான். இப்போது நானே எழுதுகிறேன். நடக்காத கொலையைக் கண்டுபிடித்துவிட்டு, செத்ததாக நான் அறிவித்த ஆள் மறுநாள் பால் தூக்கோடு வந்து நின்றபோது கொல்லைப்பக்கம் போய் ஒளிந்தவனை வேறு எப்படிச் சொல்வது?

சாரலுக்குக் குற்றாலம் போயிருந்தோம். நான், மனைவி, அம்மா, தென்காசியில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா, அப்புறம் தங்கை. வைகாசியில் கல்யாணமானவள், ஆடிக்கு அழைத்து வந்திருந்தோம். ஆடி முடியும்வரை மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாது. சம்பந்தியம்மாள் இதில் கறார். மீறினால் காலத்துக்கும் இவளைத்தான் சொல்லிக் காட்டுவார்.

அருவியில் தண்ணீர் கூடிவிட்டதால் குளிக்கத் தடை. துபாயில் இருக்கும் நண்பனின் தோப்பு வீடு பண்பொழிக்கு மேற்கே மலையடியில் சும்மா கிடந்தது. அங்கே போய்த் தங்கினோம். மறுநாள் காலையில் ஓடை பெருகித் தரைப்பாலம் முங்கிவிட்டது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. அக்கரையிலிருந்து வரும் தோப்புக் காவல்காரரையும் காணோம்.

இவ்வளவு வசதி இருந்தும் ஒரு கொலை நடக்காவிட்டால் எப்படி?

"காவக்காரர யாரோ தீத்துட்டான். கொலகாரன் இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கான்" என்று முறுக்கைக் கடித்துக்கொண்டே அறிவித்தேன்.

"ஏலே, பாலம் முங்குனா அவன் பறந்தா வருவான்?" என்றார் பெரியப்பா.

சிரிப்புக்குத்தான் ஆரம்பித்தேன். ஆனால் தடயங்கள் வரிசையாகக் கிடைத்தன. கோழிக்குழம்பில் கால் துண்டு இரண்டையும் காணோம். பின்பக்கத்து அறைக்கு வெளியே கருஞ்சிவப்புக் கறையோடு ஒரு குளியல் துண்டு. அந்த அறையில் வௌவால் இருக்கிறது, யாரும் போகவேண்டாம் என்று தங்கை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படையைத் திரட்டினேன். பெரியப்பா கையில் குடை, மனைவி கையில் தோசைக்கரண்டி, கடைசியில் அம்மா. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பக்கத்தில் கிடந்த சாக்கைக் காலால் தள்ளினேன். அடியில் ஒரு ஜோடி செருப்பு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு நானே எடுத்துக் கொடுத்தது.

தங்கை என் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, வேண்டாம்ணே."

எனக்குப் புரிந்துவிட்டது. 'வௌவால்தான்' என்று சொல்லி எல்லோரையும் திருப்பிக் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் பின்னால் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கோமாளிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

"போலீஸ்! கதவத் தெற!" என்று கத்திவிட்டேன்.

திறந்தது. பூப்போட்ட போர்வையைச் சுற்றிக்கொண்டு, பாதி உரித்த மங்குஸ்தானோடு மாப்பிள்ளை நின்றார். துண்டில் இருந்தது அந்தப் பழத்தோலின் கறை. முந்தின நாள் ஓடை பெருகுமுன் வந்தவர். விடியுமுன் போய்விடுவதாக இருந்தாராம்.

அம்மாதான் முதலில் சுதாரித்தாள். "வாங்க மாப்ள. சாப்ட்டீகளா?"

"ரெண்டு கால் துண்டு சாப்ட்டிருக்காக" என்றாள் என் மனைவி.

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை திரும்பிப் போகவும் வழியில்லை. பாலம்தான் தண்ணீருக்குள் கிடந்ததே. அன்று முழுக்க எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். "இது சம்பந்தியம்மா காதுக்குப் போச்சுன்னா..." என்று அம்மா ஆரம்பித்ததும் தங்கை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். மழைச் சத்தம் நன்றாகக் கேட்டது.

மறுநாள் தண்ணீர் வடிந்து, காவல்காரர் பால் கொடுத்துவிட்டுப் போனபின், மாப்பிள்ளை செருப்பை மாட்டினார். நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு தங்கையிடம் போனேன்.

"ஏட்டி, தப்புதான். வடகர வழியா யாரு கண்ணுலயும் படாம நானே கொண்டு விட்டுட்டு வரட்டா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவுகளுக்கு வழி தெரியும்."