மூதூர் லோஞ்சில் ஒரு கலியாணக் கேக்

வெள்ளைக்காரன் திருகோணமலையை விட்டுக் கப்பலேறியபோது டொக்யாட் என்ற கப்பல் தளத்தில் அப்பா பார்த்த எழுத்தர் வேலையையும் கூடவே கொண்டுபோய்விட்டான். அப்பா சாய்வுக்கதிரையில் விழுந்தார். அம்மா குசினிக்குள் புகுந்து கேக் அடிக்கத் தொடங்கினார். துரைசாணி ஒருத்திக்குத் தைத்துக் கொடுக்கப் போன காலத்தில், அந்த வீட்டில் ஐசிங் பூப் போடுவதைப் பார்த்தே பழகிக்கொண்டாராம். கைக்குழந்தைக்காரிக்கு ஏன் இந்த விசர் வேலை என்று அப்பாவின் தங்கை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். அம்மா காதில் வாங்கவேயில்லை.

முதல் ஓடர் மூதூரில் ஒரு கலியாண வீட்டிலிருந்து வந்தது. கேக் உடையாமல் போய்ச் சேர்ந்தால்தான் இனி யாரும் அம்மாவை நம்பிக் கேட்பார்கள். எட்டு வயதான எனக்கே அது விளங்கியிருந்தது.

குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் மோட்டார்ப் படகான லோஞ்சில் அம்மாவின் மடியில் கேக் பெட்டி, தோளில் தம்பி. குடை பிடிப்பது என் வேலை. குடை தம்பிக்கு இல்லை, கேக்குக்கு. வெயில் பட்டால் ஐசிங் இளகிவிடுமாம். நடுக்குடாவில் கடல் எழும்பியது. லோஞ்சு ஒரு பக்கம் சரிய, தம்பி வீரிட்டான். முன்னாலிருந்த மூதூர்ப் பெண் ஒருவர் இரக்கப்பட்டு, பெட்டியைத் தான் பிடிப்பதாகக் கை நீட்டினார்.

“பெட்டி வேண்டாம் அக்கா. இவனைப் பிடியுங்கோ” என்று அம்மா தம்பியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. முன்பின் தெரியாதவரிடம் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பெட்டியை உள்ளங்கைகளில் ஏந்தி, அலைக்கு அலை தானும் ஆடிக்கொண்டிருந்தார் அம்மா. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தம்பியை ஏன் கொடுத்தீர்கள் என்று அழுகையோடு கேட்டேன்.

“பிள்ளையை ஆரும் விழுத்தாமல் பிடிப்பினம். கேக்கை ஆர் பிடிப்பினம்?” என்றார், என்னைத் திரும்பிப் பாராமலே.

தம்பியோ அந்தப் பெண்ணின் முக்காட்டு நிழலில் சுகமாக நித்திரையாகிவிட்டான், துரோகி.

கலியாண வீட்டில் பெட்டியைத் திறந்தபோது ஒரு பூக்கூட அசைந்திருக்கவில்லை. பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி அம்மாவிடம், நீங்கள் யார் என்று விசாரித்தார். அப்படிக் கேட்டால் டொக்யாட் கிளாக்கரின் மனைவி என்றுதான் அம்மா எப்போதும் சொல்வார். அன்றைக்குத் தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“கேக் அடிக்கிறதுதான் என்ர தொழில்.”

அதுவரை அம்மா விற்பதற்கென்று அடித்தது அந்த ஒரேயொரு கேக். இத்தனை பேருக்கு முன்னால் இப்படித் துணிந்து பொய் சொல்கிறாரே என்று வெட்கப்பட்டு, அவருடைய சேலைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.