வாசமில்லாத அத்தை

கையைக் கழுவுகிறாள், முகர்கிறாள், திரும்பவும் கழுவுகிறாள் அத்தை. வாசமில்லாத சோப்பு, பவுடர் கிடையாது. வேலை நாளில் வெங்காயத்தின் பக்கமே போகமாட்டாள். நறுக்குவது மாமா, ஆகவே அழுவதும் மாமா. "நீ கட்டிக்கிட்டது என்னையா, எலியையா?" என்று மூக்கை உறிஞ்சியபடி கேட்பார். "எலின்னா சொன்ன பேச்சைக் கேக்குமே," என்பாள் அத்தை.

ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறாள். புது வாசம் பட்டால் எலிகள் மிரண்டுவிடுமாம். ஒருநாள் அவள் சாப்பாட்டுப் பையில் ரப்பர் எலியை ஒளித்துவைத்தேன். அலறவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "பாவம்டா, மீசையே வைக்காம விட்டுட்டானுங்க," என்றாள்.

பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் தங்கியவனில்லை. அத்தை சொன்னால் புரியும். மூளைக்குள் நோயை எதிர்க்கும் செல்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் சண்டை போடும். வராவிட்டாலும் சும்மா இராது. நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகளில் தளர்ந்ததைத் தின்றுவிடும். அதோடு சில நினைவுகளும் போய்விடும். "மறதின்னு திட்டாதே. உள்ள ஆள் வேலை செய்யுது," என்பாள், வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டே. சாவி என் சட்டைப்பையில் இருக்கும்.

சோதனை இதுதான். ஒரு பெட்டிக்குள் எலியின் காலில் லேசாக மின்சாரம் சுருக்கென்று தைக்கும். சில வாரம் கழித்து அதே பெட்டியில் விடுவார்கள். மறந்த எலி சுற்றித் திரியும். மறக்காதது கல்லாய் நிற்கும். சில எலிகளின் தீனியில், நினைவைத் தின்னும் அந்தச் செல்களைக் குறைக்கும் மருந்து உண்டு; செல் குறைந்தால் மறதியும் குறைகிறதா என்று பார்க்கத்தான். எவை என்று அத்தைக்கே சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கை ஓரவஞ்சனை செய்துவிடுமாம். எல்லா எலியையும் ஒரே மாதிரிதான் தொடவேண்டும். ஒன்றை மட்டும் கொஞ்சினால், அதன் பயம் போனது மறதியாலா கொஞ்சலாலா என்று தெரியாமல் மொத்த உழைப்பும் பாழ்.

நேற்று வீட்டாரும் பார்க்கலாம் என்றார்கள். மாமாவும் நானும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். முதல் எலி பெட்டிக்குள் போனதுமே உறைந்துவிட்டது. காதுகூட அசையவில்லை.

"அக்கா, பாருங்க! அப்படியே ஞாபகம் வச்சிருக்கு!" என்று குதித்தாள் ஆய்வு மாணவி.

அத்தை அதை வெளியே எடுத்தாள். உடனே கூண்டில் விடுவதுதான் முறை. விடவில்லை. நடுக்கம் அடங்கும்வரை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்திருந்தாள்.

மாணவிக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ அக்கா, நாளைக்கும் இதுங்களுக்குச் சோதனை இருக்கே! இதை மட்டும் கொஞ்சினா எல்லாம் போச்சு!"

"இதை மட்டும்னு யாரு சொன்னா? எவ்வளவு நேரம் வச்சிருந்தேன்னு குறிச்சுக்கோ."

அடுத்து வந்த ஒவ்வொன்றையும் அதே மாதிரி பொத்தி, அதே நேரம் வைத்திருந்தாள். "நமக்குச் சோறு இன்னிக்கு இல்லடா," என்று மாமா என் காதில் முனகினார். கடைசியாக வந்தவன் ஒரு குண்டன். பழசெல்லாம் சுத்தமாக மறந்துபோய், பெட்டிக்குள் உலாவி, முகம் துடைத்து, சொகுசாக வெளியே வந்தான். பிடித்ததும் கையுறையைக் கடித்தான்.

"அடங்குடா, எல்லாருக்கும் உண்டு," என்று அவனையும் நெஞ்சருகே பொத்திக்கொண்டு, அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.